உறைபனிக்கு ஒற்றை எண் போதாது

நீலகிரியில் நாளைக்கு உறைபனி விழுமா என்று கம்ப்யூட்டரை வைத்துச் சொல்வது என் பிழைப்பு. ஆபீசில் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

பழைய சோறு

எங்கள் குன்னூர் கம்பெனி விவசாயிகளின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். அதை நம்பித்தான் உருளைக்கிழங்குச் செடிகளைச் சாயங்காலமே மூடுவார்கள். மூடாத வயலில் பனி விழுந்தால் விடியும்போது எல்லாம் கருகிக் கிடக்கும்.

எங்கள் புது மெஷினோ மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே திமிரோடு 'நாளை இத்தனை டிகிரி' என்று ஒற்றை எண்ணைச் சொல்லும். குளிர்காற்று இறங்கித் தேங்குகிற பள்ளங்களில் எங்களிடம் கருவியே கிடையாது! அதனால் கையால் கணக்குப் போட்ட காலத்துப் புள்ளியியல் முறை ஒன்றை மெஷினோடு இணைத்தேன். ஏற்கெனவே தெரிந்ததில் தொடங்கி, புது அளவுகள் வர வர அது தன் நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளும். தன் விடை எவ்வளவு தப்பலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லும். கோயம்புத்தூரிலிருந்து வந்த முதலாளி திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தாப்பெரிய மெஷின வெச்சுக்கிட்டு அப்பிச்சி காலத்துக் கணக்கப் போட்டுட்டு இருக்கறீங்க?"

வருமா, வராதா?

சோலூர்ப் பக்கத்து எஸ்டேட் மேனேஜரிடம் காட்டினேன். 'நாலு டிகிரி, பள்ளத்தில் மைனஸ் ஒன்று வரை போகலாம்' என்றது திரை. மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதையே ஜோசியக்காரன் சொன்னால் தட்சிணை வைத்துக் கும்பிடுவார்கள். நான் கணக்குப் போட்டுச் சொன்னால் குற்றம்!

"வரும்னு சொல்லுங்க, இல்ல வராதுன்னு சொல்லுங்க மேடம். மழுப்பறதுக்கு எங்க ஊட்டுலயே ஆளு இருக்குதுங்க."

பின்பாதி

அடுத்த வாரம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எச்சரிக்கையில் 'பள்ளத்தில் இவ்வளவு வரை போகலாம்' என்கிற பின்பாதியை முதலாளி வெட்டிவிட்டார். இத்தலாரில் குத்தகை நிலத்தில் கிழங்கு போட்டிருந்த செல்வமணி அக்காவுக்கு 'நாளை மூன்று டிகிரி' என்று மட்டும் போனது. அக்காவின் வயல் பள்ளத்தில். செடிகளை மூடவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். வயல் முழுக்க வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தது. அக்கா கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சரியாத் தெரியலைன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா மூடியிருப்பனே அம்மிணி."

மொத்தத்தில்

நேராக ஆபீசுக்கு வந்து மேஜையைத் தட்டிக் கேட்டேன். முதலாளி டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"கோவப்படாதீங்க. மொத்தத்துல பாத்தா நம்ம மெஷினு சரியாத்தானுங்க சொல்லியிருக்குது."

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மெஷினுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். முதலாளிக்குக் கற்றுக்கொடுக்கத்தான் பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை.