பத்துக்குப் பத்து

அப்பாவின் வேலையை நான்தான் ஒருமுறை காப்பாற்றினேன் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொயில் நாலாம் மாடியில் இருந்தோம்.

அப்பாவுக்கு முன்கோபம். அதனாலேயே இரண்டு தொழிற்சாலை வேலைகள் போயின. மூன்றாவதாக, கோபன்ஹேகனில் யூத இளைஞர்கள் தங்கி வேதம் படிக்கும் ஒரு சிறிய பள்ளியின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. இதுவும் போனால் என்ன செய்வது என்று அம்மா ரெலிபோனில் யாருக்கோ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயப்படப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இன்றைக்கும் அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவள்தான்.

அந்தச் சமையலறையில் பாலுக்கு ஒரு தொட்டி, இறைச்சிக்கு ஒரு தொட்டி; இரண்டும் கலக்கக்கூடாது என்பது யூதர்களின் மதவிதி. ஒருநாள் அப்பா பால்சட்டியை இறைச்சித் தொட்டியில் போட்டுவிட்டார். பார்த்துக்கொண்டு நின்ற ரபியின், அதாவது பள்ளியை நடத்தும் யூத குருவின், முகம் சிவந்துபோனது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, ஒரு புள்ளி வைத்தார். தன்னைப் பற்றித்தான் முறைப்பாடு எழுதுகிறார் என்று அப்பா நடுங்கிப்போனாராம். பிறகுதான் தெரிந்தது, அந்தப் புள்ளி ரபி தனக்கே வைத்தது. அங்கே ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு குணத்தை எடுத்துத் தங்களைத் திருத்திக்கொள்வார்கள். ரபிக்கு அந்தக் கிழமை பொறுமை. பொறுமை தவறுகிற ஒவ்வொரு தரமும் ஒரு புள்ளி.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது. அப்பா அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, பக்கத்து அறையிலிருந்த என் காதில் விழுந்தது கொப்பி, ரபி, புள்ளி என்ற மூன்று சொற்கள் மட்டும்தான். எனக்குப் புள்ளி என்றால் ஒன்றுதான்: சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்வதெழுதுதலுக்கு ரீச்சர் போடுவது. பத்துக்கு எனக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதெல்லாம் பிறகு.

அப்பாவும் ஒரு கொப்பி வாங்கிக் குசினியில் கரண்டிகள் வைக்கிற லாச்சிக்குள் வைத்தார். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியால் வந்து திறந்து பார்த்தேன். மூன்றே மூன்று புள்ளிகள். நான் கூட நாலு எடுப்பேன். ரபி இதைப் பார்த்தால் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீலப் பேனையை எடுத்து, இன்னும் ஏழு வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அப்பா கொப்பியைத் திறந்தார். இரண்டு தரம் எண்ணினார். பிறகு, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டார்.

“இஞ்சை பாரும், நான் பத்துத் தரமோ கத்தினனான்?”

அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போட்டுக்கொண்டு போற சப்பாத்தைக் காணேல்லையெண்டு ஒண்டு. ரயில் பிந்தினதுக்கு வீட்டை வந்து ஒண்டு. உங்கடை தம்பியோட போனில கத்தினதை ஒண்டெண்டு வைக்கேலாது, அஞ்செண்டு வையுங்கோ. மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ.”

அப்பா யோசித்தார். யோசித்துவிட்டு பிராண்டேயில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார். மெல்லிய குரலில், இடைக்கிடை நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். போனை வைத்தபோது கண் கலங்கியிருந்தது. பத்துக்குப் பத்து எடுத்த சந்தோசம் என்று நினைத்தேன். அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள் அப்பா வேலைக்குப் போனார். யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது அப்பா கொப்பியை மேசையில் விரித்து வைத்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளி கூட இல்லை. சைபர். கிட்டப் போய் அவருடைய கையைத் தடவினேன்.

“பரவாயில்லை அப்பா. போன கிழமை மாதிரி நான் போட்டுத் தாறன்.”

அப்பா என்னைப் பார்த்தார். பக்கத்தைப் பின்னால் புரட்டி, அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தார். அம்மாவும் சிரித்தா. சைபர் எடுத்ததில் இந்தளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று, நான் பேனையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.