ராமாயிக்கு நான் படியெடுத்துக் கொடுத்த ஃபிளாப்பி

ராமாயியின் ஃபிளாப்பி வட்டிலிருந்து அந்தக் கோப்பை அழித்தவள் நான். கை தவறி அல்ல... தெரிந்தே அழித்தேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதியார் மரங்களை வெட்டிச் சாலைகளில் போட்ட ஆண்டுகள் அவை. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியறையில் இரண்டு பழைய கணிப்பொறிகளை வைத்துப் பாடம் நடத்தினார்கள். வடக்கனந்தலிலிருந்து நான் போய்வந்தேன். எங்களுக்குக் கொஞ்சம் நிலமிருந்தது. ராமாயி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, விடுதியில் தங்கிப் படித்தவள். என்னைவிட இளையவள், அக்கா என்றே அழைப்பாள்.

எங்கள் ஆசிரியர் சென்னையிலிருந்து ஒரு கம்பைலர் கொண்டுவந்தார். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் மென்பொருள். திறந்ததுமே திரையில் ஓர் அறிவிப்பு வரும். பயன்படுத்திப் பாருங்கள், பிடித்தால் பணம் அனுப்புங்கள், பிறருக்கும் படியெடுத்துக் கொடுங்கள். ஆனால் எதையும் நீக்காமல் முழுதாகக் கொடுங்கள். எழுதியவன் எந்த நாட்டானோ... முகம் தெரியாத நம்மை நம்பியிருக்கிறான்!

முதல் நிரலை ஓடவைத்தவள் ராமாயி. திரையில் தன் பெயர் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அது வர மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவளும் அவளே.

அங்கேயே உதவி ஆசிரியை வேலை ஒன்று வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தேர்வு, ஆளுக்கொரு கணிப்பொறி, ஆளுக்கொரு ஃபிளாப்பி. “ராமாயிக்கும் ஒரு காப்பி போட்டுக் குடும்மா” என்று ஆசிரியர் கம்பைலர் இருந்த ஃபிளாப்பியை என்னிடம் கொடுத்தார்.

அன்று காலைதான் வீட்டில் அண்ணன் கத்தியிருந்தான். “மலைக்காரங்களுக்கு எல்லாத்தையும் எடுத்து வெச்சிக்கினு கீறாங்க. நமக்கு இன்னா கீது?”

அந்தப் பேச்சை நான் இறுகப் பற்றிக்கொண்டேன். அவளுக்கு எங்காவது அரசு வேலை கிடைத்துவிடும், எனக்கு இது ஒன்றுதானே என்று... பொய்! அது தனியார் வேலை. அதில் யாருக்கும் ஒதுக்கீடு கிடையாது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நிரல் ஓடுவதற்குத் துணைக்கோப்பு ஒன்று வேண்டும். அவளுடைய படியில் அதை மட்டும் அழித்தேன். அவள் சோதித்துப் பார்த்துவிடக் கூடாதே! தேர்வன்று காலையில்தான் கையில் கொடுத்தேன்.

என் நிரல் ஓடியது. அவளுடையது ஏதோ பிழைச் செய்தியைக் காட்டி நின்றது. ஆசிரியரே அந்தக் கம்பைலருக்குப் புதியவர். தவறு நிரலில்தான் என்று நினைத்தார்.

“இன்னாம்மா, இத்தினி நாள் படிச்சி இதுகூட வரலியா?”

“சரியாத்தாங்க சார் அடிச்சேன்...” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீ ஒரு தபா பாரேன். எங்க தப்பு?”

அப்போதுகூட எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது! குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரி.

“எங்கியோ தப்பா அடிச்சிக்கீற ராமாயி. நல்லா பாரு” என்றேன்.

நேரம் முடியும்வரை வரிக்கு வரி விரல் வைத்துத் தேடினாள்... இல்லாத தவறை!

வேலை எனக்குக் கிடைத்தது. அந்த வாரமே அவள் போய்விட்டாள். சாலையில் மரங்கள் கிடந்ததால் பேருந்து ஓடவில்லை, மலையடிவாரம்வரை நடந்தே போனாளாம். பிறகு, காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போனதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகளோ எத்தனையோ பேர்... யார் முகத்தைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன்?

பல ஆண்டுகள் கழித்துக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் அவளே என்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில் பன்னிரண்டாவது முடித்த மகள்.

“இவுங்கதான்டீ நான் சொன்ன அக்கா. மூளைன்னா அப்பிடி ஒரு மூளை!” என்றாள். பிறகு என்னிடம், “கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னு அழுவுறாக்கா. நான் வோணான்ட்டேன். நம்ம மண்டைக்கு அது ஏறாது.”

“படிக்கட்டும் ராமாயி.”

“உனுக்கு வந்துச்சி, சொல்ற. நான் அன்னிக்கிப் பட்ட அவமானம் இவளுக்கு எதுக்கு?”

ஒரே ஒரு வாக்கியம் போதும்... ‘அன்று நீ தவறு செய்யவில்லை.’ அதைச் சொன்னால், பிறகு ஏன் ஓடவில்லை என்று கேட்பாள். பேருந்து வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது உங்களிடம் சொல்கிறேனே, இது வீரமா? நீங்கள் அவள் இல்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது!

வெள்ளிமலைப் பேருந்து வந்தது. இருவரும் ஏறினார்கள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோல் அந்தப் பெண் சன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையசைத்தேன்.