மாரியாயி சொன்ன சாட்சி

ஞாயிறு அதிகாலை நாலரைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் வேன் புறப்பட்டது. உள்ளே ஏழு பேர், ஒரு கீபோர்டு, இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள், நான்கு கட்டுத் துண்டுப்பிரசுரம். கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நற்செய்திக் கூட்டம். எனக்குப் பிரசங்கமும் வராது, பாட்டும் வராது. வார நாட்களில் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் சபை மாதந்தோறும் வெளியிடும் எட்டுப் பக்கப் பத்திரிகைக்கு ஊழியப் பயணங்களை ஆறு வருடமாக எழுதி வந்தேன்.

அவிசாவளை தாண்டும்போது விடிந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைத்துக்கொண்டது. எட்டேகாலுக்கு ஹட்டனில் இறங்கி, ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றோம். பிளேன்டீ ஐம்பது ரூபாய். தலவாக்கலை நெருங்கும்போது முன் இருக்கையிலிருந்து பாஸ்டர் திரும்பி, தட்டச்சு செய்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இன்றைக்குச் சாட்சி சொல்லப்போற சகோதரி மரியாளுடைய பேச்சு, டீச்சர். பத்திரிகையில அப்படியே போடலாம். அவங்களுக்கு வாசிக்க வராது. நீங்க ரெண்டு மூணு தடவை சொல்லிக் குடுத்தீங்கன்னா மனப்பாடம் ஆயிடும்."

முதல் வரி: 'நான் பேய்களை வணங்கி இருளில் கிடந்தேன்.' கூட்டம் நடக்கும் முன்பே சாட்சி தயாராகிவிட்டது. அப்போது அது என்னை உறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி எத்தனையோ தாள்களை எழுத்துப்பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பத்தரைக்குக் கந்தப்பளை. தண்ணீர்ப் போத்தல் வாங்க ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் நின்றோம். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டிகளை இறக்காம இருந்தா நல்லது பாஸ்டர். போன வருஷம் ஒரு கூட்டம் வந்து, கோயில் சாமியப் பேய்னு மைக்குல கத்திட்டுப் போயிட்டாங்க. நீங்களும் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்?"

"அது வேற சபை," என்றார் பாஸ்டர். என் கைப்பைக்குள் இருந்த தாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர். கடைசி அரை கிலோமீற்றர் வேன் ஏறவில்லை. பெட்டிகளைச் சுமந்து நடந்தோம். மலைச்சரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள், நடுவே மாரியம்மன் கோயில். கூட்டத்துக்குத் தன் வாசலைக் கொடுத்த பெண், முதல் லயத்தின் மூன்றாவது ஒற்றையறைக் காம்பிராவில் எங்களுக்காக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் பொட்டுப் பொட்டாகத் தழும்புகள்.

"மரியாள் அக்காவா?" என்றேன்.

"மாரியாயிங்க. பாஸ்டரய்யாதான் மரியாள்னு கூப்புடுறாரு. அவருக்கு அது நல்லா இருக்குது போல."

தாளை வாசிக்கத் தொடங்கினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "குடுங்க டீச்சர், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்," என்று வாங்கினாள். விரலை ஓட்டி மெதுவாக முழுவதையும் படித்தாள். பிறகு நான்காக மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"இதுல இருக்கிறது யாருங்க?"

தாளைக் கைப்பைக்குள் வைத்தேன். அவள் மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

நண்பகலில் முருகையா வந்தார். மாரியாயியின் அண்ணன், பக்கத்துக் காம்பிராதான், கோயில் தலைவர். பின்னால் ஐந்தாறு இளைஞர்கள்.

"மைக்குக் கட்டக் கூடாது. போன வருஷம் கேட்டதே போதும்," என்றார்.

பாஸ்டர் வாயைத் திறக்கும் முன் மாரியாயி வாசலுக்கு வந்துவிட்டாள். "என் வாசலுக்கு யாரு வரணும்னு நான் சொல்லுவேண்ணே."

"வாசல் ஒன்னோடது. சத்தம் எல்லார் வீட்டுக்கும் வருதுல்ல?"

"சாமியப் பத்தித் தப்பா ஒரு வார்த்த வந்துச்சுன்னா, மைக்க நானே புடுங்கிப் போடுறேன். அதுவரைக்கும் பேசாம நில்லு."

அவர் இளைஞர்களைக் கையமர்த்தினார். "நிக்கிறேன்," என்றார்.

மூன்று மணிக்குச் சுமார் நாற்பது பேர் கூடினார்கள். முருகையாவும் இளைஞர்களும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கைகட்டி நின்றார்கள். இரண்டு பாட்டுகளுக்குப் பிறகு, "சகோதரி மரியாள் இப்போது சாட்சி சொல்லுவார்," என்று பாஸ்டர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அவள் மைக்கை வாங்கினாள்.

"எம் பேரு மாரியாயி. மூணு வருஷத்துக்கு முன்ன கொழுந்து பறிக்கையில குளவிக் கூடு கலஞ்சு, ஒடம்பெல்லாம் கொட்டிருச்சு. நுவரெலியா ஆஸ்பத்திரியில ஒம்பது நாள் கெடந்தேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு சிங்கள அம்மா. அவங்க பேசுனது பாதி எனக்கு வெளங்கல. ஆனா என் தலையில கைய வச்சு, ஏசு ஏசுன்னு அழுதாங்க. யாருன்னே தெரியாத எனக்காக அழுதாங்க. அந்த ஏசுவ எனக்குப் புடிச்சிருச்சு. அவரத்தான் கும்புடுறேன். இனிமேலும் கும்புடுவேன். ஒன்னாலயும் நிறுத்த முடியாதுண்ணே."

பாஸ்டர் முகம் மலர்ந்து "அல்லேலூயா" என்றார். அவள் நிறுத்தவில்லை.

"அதே ஒம்பது நாளும் எங்கண்ணன் வெரதம் இருந்தாரு. நான் பொழைச்சு வந்ததும், இந்தக் கோயில்ல எனக்காகத் தீச்சட்டி எடுத்தாரு. கை வெந்துபோச்சு. பேயக் கும்புட்டு இருட்டுல கெடந்தேன்னு சொல்லச் சொல்லி எனக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்கண்ணன் கை வெந்தத நான் பேய்னு சொல்லணுமா? சொல்ல மாட்டேன்."

பாஸ்டர் மைக்குக்குக் கை நீட்டினார். "சகோதரி, போதும்."

"இந்தாங்க," என்று கொடுத்துவிட்டு, அது இல்லாமலே பேசினாள். மலையில் ஆளுக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல். அடுத்த லயத்துக்கும் கேட்டிருக்கும். "ஏசுவப் பத்திச் சொல்றதுன்னா எத்தன தடவ வேணும்னாலும் வாங்க. எங்காளுகளத் திட்டுறதுக்குன்னா இந்த வாசல்ல எடமில்ல!"

இளைஞர் ஒருவர் விசிலடித்தார். முருகையா திரும்பி அவரை அதட்டினார். பிறகு தங்கையிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் இறங்கவில்லை.

"திருவிழாவுக்கு வருவியா?"

"காய் வெட்ட வருவேன். திருநீறு பூச மாட்டேன்."

"திருநீறு பூசாதவளுக்குக் கோயில்ல என்னா வேல?"

"நான் பொறந்த தோட்டம்ணே இது. வருவேன்."

அவர் தன் காம்பிராவுக்குள் போய்விட்டார். பாஸ்டர் அரைகுறையாக ஒரு ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். துண்டுப்பிரசுரக் கட்டுகளை யாரும் பிரிக்கவே இல்லை.

ஐந்தரைக்கு வேன் புறப்பட்டது. நானுஓயா தாண்டியதும் பாஸ்டர் என்னிடம் சொன்னார்: "புது விசுவாசி, தடுமாறிட்டாங்க. நீங்க அந்தத் தாளில இருக்கிறதையே போடுங்க டீச்சர்."

"அவங்க சொன்னதைத்தான் எழுதுவேன், பாஸ்டர்."

"பத்திரிகையை வாசிக்கிறவங்க குழம்பிடுவாங்க."

"நவராத்திரிக்கு எங்க வீட்டுக்குச் சுண்டல் அனுப்புற பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பார்த்து, நீங்க பேயக் கும்பிடுறீங்கன்னு நான் கொட்டாஞ்சேனையில சொல்லுவேனா? நீங்க சொல்லுவீங்களா? நம்ம தெருவில சொல்லத் துணியாததைச் சொல்லத்தான் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல மலையேறி வந்தோமா?"

வேனில் இருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருடமாக அந்தச் சபையில் இருக்கிறேன். பாஸ்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது அன்றுதான் முதல் தடவை.

அவள் பெயர் முதல் கடைசிச் சொல் வரை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை அதைப் போடவில்லை. 'மரியாளின் சாட்சி' என்ற தலைப்பில், அந்தத் தாளில் இருந்தது வெளிவந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஊழியப் பயணங்களை வேறொருவர் எழுதுவார் என்றும் அறிவித்தார்கள். நான் இன்னும் ஞாயிறுதோறும் அதே சபைக்குத்தான் போகிறேன், முன்வரிசையில்தான் உட்காருகிறேன். யாராவது வந்து மரியாள் சகோதரி எப்படி இருக்கிறார் என்று கேட்டால், முதலில் பெயரைத் திருத்துகிறேன். பிறகு அவள் சொன்னதைச் சொல்கிறேன்.