பதினோராவது புள்ளி

என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த சிறுகோளை, என் கண் கெட்டுப்போனதற்கு அடையாளம் என்றுதான் நினைத்தேன். எட்டு நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை. அதன் பெயர் வெஸ்டா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் கல் என்று பிற்பாடு நூலகத்தில் படித்தபோது, அதன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் எனக்குச் செக்கிங் மேஜையில் வேலை. எங்கே நூல் தவறியிருக்கிறது, எங்கே தையல் விலகியிருக்கிறது என்று பார்த்து, குறையுள்ளதைத் தள்ள வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. தேறாவிட்டால் மேஜை போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. என் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் பார்வை முழுக்கப் போயிருந்தது. பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கோடையில் எனக்கு முப்பத்தொன்பது.

அப்பாவுக்கு அது ஆரம்பித்த விதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தட்டில் எறும்பு கிடக்கிறது என்று சோற்றைத் தள்ளி வைப்பார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, எறும்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று சத்தம் போடுவாள். இல்லாத புள்ளி அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

கோவில்பதாகையில் அப்பா வீட்டிலேயேதான் நானும் என் கணவரும் இருந்தோம். கிரிக்கெட் பார்க்கவென்று அவர் ஒரு பைனாகுலர் வாங்கி, ஒரே ஒரு மேட்சுக்கு எடுத்துப்போய்விட்டு, பீரோ மேல் போட்டுவிட்டார். தூசி தட்டி எடுத்தவள் நான். சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தெரிவதை வரைவேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்து ஒரு வட்டம், அதற்குள் புள்ளிகள். நாளெல்லாம் தையலைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இங்கேயும் செக்கிங்கா என்று கணவர் கிண்டல் செய்வார். இங்கே எதையும் தள்ள வேண்டியதில்லை, அதுதான் சுகம்.

அந்த மே மாதம், தேள் உருவ நட்சத்திரக் கூட்டத்துக்குச் சற்று மேலே ஓர் இடத்தை வரைந்தேன். பதினொரு புள்ளி. மூன்று நாள் கழித்து அதே இடத்தை வரைந்தபோதும் பதினொன்று. ஆனால் ஒன்று இடம் மாறியிருந்தது. முன்பு இருந்த இடம் காலி; முன்பு காலியாக இருந்த இடத்தில் ஒன்று. கண்ணைக் கசக்கினேன், லென்சை முந்தானையால் துடைத்தேன். அது அங்கேயேதான் இருந்தது. கிரகம் நகரும் என்று தெரியும், ஆனால் நான் பார்த்த கிரகங்கள் எல்லாம் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தவை. இது மங்கலோ மங்கல். அப்படியானால் கோளாறு என் கண்ணில்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு சட்டையையும் இரண்டு தடவை பார்த்தேன். தினமும் பயந்துகொண்டே மாடி ஏறுவேன். அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

இதற்கு நடுவில் அப்பா வேறு. காலையில் ரேடியோவில் மணியைச் சொல்லி முடித்திருப்பார்கள். அதற்கப்புறமும், என் குரல் வாசல் பக்கம் கேட்டால் போதும், "கூடத்துக் கெடியாரத்துல மணி இன்னாம்மா?" என்பார். வாசலிலிருந்து பார்த்தால் கடிகாரம் கூடத்தின் அந்தக் கோடியில் மாட்டியிருக்கும். வருடக்கணக்காக இதே கேள்வி. அந்த வாரம் நான் எரிந்து விழுந்தேன்.

"இப்பத்தானேப்பா ரேடியோல சொன்னான்?"

"கெடியாரம் சரியா ஓடுதான்னுதான். சொல்லேன்."

சொன்னேன், வேண்டா வெறுப்பாக.

எட்டாம் நாள், அன்றைய படத்தை வரைந்து இடுப்பில் செருகிக்கொண்டு கணவரை மாடிக்கு இழுத்துப்போனேன். புதுத்தாளையும் பைனாகுலரையும் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினேன்.

"உள்ள இன்னா தெரியுதோ அத்த அப்படியே புள்ளி வைங்க."

"இன்னா இது, பரீட்சை மாரி கீது? எதுக்குன்னு சொல்லு."

"வரைஞ்சிட்டுக் கேளுங்க."

கை ஆடுகிறது என்றார், கொசு என்றார், ஆனாலும் வரைந்தார். கீழே வந்து இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். இரண்டு துண்டுத் துணி பொருந்துகிறதா என்று எங்கள் மேஜையில் அப்படித்தான் பார்ப்போம். அவர் புள்ளிகள் ஒவ்வொன்றும் கடலை அளவு, எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஆனால் அமைப்பு அதேதான். எட்டு நாளாக என்னைக் கொன்றுகொண்டிருந்த பதினோராவது புள்ளி, அவர் தாளிலும் என் புள்ளியை ஒட்டியே இருந்தது.

"இது நெஜமா தெரிஞ்சுதா?"

"பின்ன, நானே இட்டுக்கட்டி வெச்சேனா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாக அழுதேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கிண்டல் வரவில்லை.

"எட்டு நாளா மனசுலயே வெச்சிகினு இருந்தியா?" என்றார். தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப அது இன்னாதான்?"

"இன்னாவா இருந்தா இன்னா? என் கண்ணுல இல்ல. வானத்துல கீது."

கூடத்தில் படுத்திருந்த அப்பா தூங்கவில்லை போலிருக்கிறது. "ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. ஒரே எடத்துல."

"சின்னதா?"

"ரொம்பச் சின்னது."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ரேடியோவில் மணி சொன்னார்கள். நான் வாசலில் நின்றுகொண்டு, அப்பா காதில் விழட்டும் என்று வேண்டுமென்றே பால்காரரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினேன். அப்பா காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். மணி கேட்கவில்லை. இத்தனை வருடமாக அவர் சரிபார்த்துக்கொண்டிருந்தது கடிகாரத்தை அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நானாகவே கூடத்தின் கோடியைப் பார்த்து, "மணி ஏழு பத்துப்பா" என்றேன்.

"தெரியும்மா" என்றார்.