நான் கலைக்கவிடாத குளவிக்கூடு

கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளே, எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது. சபையில் எழுந்து பேசக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம். மதுரைக்குத் தெற்கே பொட்டலில் பட்டாளத்து ஏரோப்பிளேன் மைதானம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே எடுபிடி வேலை. சாயங்காலமானால் ஏரோப்பிளேன்களுக்குப் படுதா மூடுவார். அவர் தம்பி சாமுவேல் இஞ்சின் மெக்கானிக். மைதானத்தை ஒட்டிப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம்.

எனக்கு ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. சாமுவேல் பெண்சாதி எஸ்தர் வந்த வருடமே முழுகாமல் இருந்தாள். அவள் மாங்காய் கடிக்கிற சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். ஜெபத்தில்கூட, அவளுக்கு மட்டும் ஏன் என்றுதான் கேட்பேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "ரிப்பேருக்கு நிக்கிற ஏரோப்பிளேன் றெக்கைக் குழாய்ல குளவி மண்ண வச்சு அடைச்சிருச்சு. அதுல காத்துப் போனாத்தான் வேகம் காட்டுற முள்ளு ஓடும். காலைல குத்தி எடுக்கணும்."

குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும், கலைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆலயத்துக்குப் போகிற நானும் அதை விடவில்லை.

"அது இப்பப் பறக்குமா?" என்று கேட்டேன்.

"இஞ்சினே கழட்டிக் கெடக்கு."

"அப்ப நாலு நாள் இருக்கட்டுங்க. எனக்காக."

"அங்க கட்டுனா அத ஓட்டுற தொரைக்குத்தான் புள்ள பொறக்கும்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மூன்றாம் நாள் அவரைச் சாமான் எடுக்க ரயிலடிக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் எஸ்தரும் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தோம். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இஞ்சின மாட்டி அந்த ஏரோப்பிளேன மேல ஏத்திட்டாங்க. தம்பியும் பின்னால உக்காந்து போயிருக்கான். கூட்ட யாரும் பாக்கல."

"என்ன கூடு, அக்கா?" என்றாள் எஸ்தர். நான் அண்ணாந்து பார்த்தேன்.

தலைக்கு மேல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. வேகம் தெரியாமல் மெதுவாக வந்தால் கல்லாக விழும், வேகமாக வந்தால் மைதானத்தைத் தாண்டி முட்டும் என்றார் வீட்டுக்காரர். எஸ்தர் அழுதாள். அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? இனி இவளும் என்னைப்போல வெறுமையாக இருப்பாள் என்பதுதான்.

அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். பிள்ளை உதைத்தது. நான் புளி ஓட்டின்மேலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தராவிட்டாலும் போகட்டும். இவளுக்கு இவள் புருஷனைக் கொடும்." ஒன்பது வருடத்தில் எனக்கென்று கேட்காத ஜெபம் அது ஒன்றுதான்.

ஏரோப்பிளேன் தாழ வந்தது, இறங்காமல் மேலே போனது. மறுபடி வந்தது. தரையைத் தொட்டு, ஓடி, மைதானத்துக் கடைசியில் நின்றது.

சாமுவேல் நடந்தே வீட்டுக்கு வந்தார். "முள்ளு அசையவே இல்ல. தொரை திரும்பிப் பாத்தாரு. நான் சத்தத்தக் கேட்டு இஞ்சின் சரியா ஓடுதுன்னு கையக் காட்டுனேன். ஏரோப்பிளேன் மூக்க எப்பவும் வைக்கிற மட்டத்துல வச்சுக்கிட்டு, றெக்கைக் கம்பியில காத்து எரையிறதக் கேட்டே எறக்கிட்டாரு" என்றார்.

அன்றே எஸ்தரிடம் கூட்டைப் பற்றிச் சொல்லி அழுதேன். வாசலில் கிடந்த புளி ஓட்டைக் கூட்டித் தள்ளினாள். பிறகு, "இனி எங்க குளவி வந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க அக்கா, வெளக்குமாத்தோட வாரேன்" என்றாள்.

அவளுக்குப் பெண் பிறந்தது. எனக்குக் கடைசிவரை இல்லை. பொறாமையும் ஒரே நாளில் போகவில்லை. இன்றும் பண்டிகைக்கு அவள் பேரப்பிள்ளைகளோடு ஆலயத்தில் வந்து உட்கார்ந்தால் எட்டிப் பார்க்கும். அவள் பேரைச் சொல்லி ஜெபிப்பேன், அடங்கும். உங்களுக்கும் யார்மேலாவது அப்படி இருந்தால், அவர்களுக்காகவே முழங்கால் போட்டுப் பாருங்கள். ஆண்டவர் கேட்கிறார்.

எத்தனை சுற்றுச் சுற்றியது, என்ன மாதம் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. எஸ்தர் இப்போது வண்டியூரில் இருக்கிறாள். யாராவது போய் இதை வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். அவள் வேறாகச் சொன்னால் அவள் சொல்வதையே இதில் எழுதிவிடுங்கள். அன்று எனக்கு வந்த அந்த முதல் நினைப்பை மட்டும் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. அதையும் விடாமல் அவளுக்கு வாசியுங்கள்.