தோள் ஏறிய மலை

முதலில் நான் சந்தேகப்பட்டது கம்ப்ரசரை.

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லர் வேலை எனக்கு. பூமிக்குள் இறங்கும் ராடு என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. லீவரைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்குத்தான் தெரியும். பாறை மாறினால் அதிர்வு மாறும். ஈர மண் வந்தால் ஒரு மெத்துமை வரும். அன்றைக்கு வெளிமாநிலத்தில், ஒரு சோளக்காட்டில், அந்தச் சேதி வருவது நின்றுபோனது. ராடு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வலது கைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

"காத்து பத்தலடா, கம்ப்ரசரப் பாரு" என்று பக்கத்தில் நின்ற சின்னுசாமியிடம் கத்தினேன்.

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "காத்தெல்லாம் சரியாத்தான் வருதுங்கண்ணா. உங்க வாய்தான் ஒரு பக்கமா போகுது."

கிண்டல் செய்கிறான் என்று திட்டினேன். திட்டு முழுசாக வெளியே வரவில்லை. அவன் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து லீவரை வாங்கிக்கொண்டான். வாங்கியது என் கைக்குத் தெரியவேயில்லை.

எங்கள் வேலையில் இது ஒரு பழக்கம். டிரில்லர் அசந்தால் பக்கத்தில் நிற்பவன் ஒரு வார்த்தை சொல்லாமல் லீவரை வாங்கிக்கொள்வான். வண்டி நிற்காது. தூங்கி எழுந்து பார்த்தால் ஆழம் கூடியிருக்கும். யார் இறக்கியது என்று கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. அதை நாங்கள் மரியாதை என்போம். நோய் வந்த பிறகு இந்த மரியாதைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

சேலத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு டாக்டர் சொன்னார், பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). கூடவே உணர்விழப்பு (தொட்டால் தெரியாமல் போவது). "உயிருக்குப் பயமில்ல. கை எந்த அளவுக்கு வரும்னு இப்ப சொல்ல முடியாது. மூளையில செத்துப்போன இடத்தோட வேலைய வேற இடம் பழகிக்கும். முதல் சில மாசந்தான் அதுக்கு நல்ல நேரம். அத வீணாக்கிடாதீங்க" என்றார்.

அவர் ஒருவர்தான் தெரியாது என்று சொன்னவர். மற்ற எல்லோரும் "பரவாயில்லையே, நல்லா இருக்கீங்களே" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த வாழப்பாடி அம்மா ஒருவர், வந்தவர்கள் போன பிறகு மெல்லச் சொன்னார்: "நல்லா இருக்கறவங்களப் போய்ப் பாத்து யாராச்சும் நல்லா இருக்கீங்கன்னு சொல்லுவாங்களா? எங்க ஊட்டுக்காரரையும் இப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க." அந்த அம்மா வாயில் சர்க்கரை போட வேண்டும். அதற்குப் பிறகு நான் ஒருவர் சொன்னதையும் நம்பவில்லை.

என்னைப்போல் நோயில் விழுந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி இருக்கலாம். மாத்திரையின் நிறம் மாறியிருந்தால் ஏன் என்று தோன்றும். வீட்டார் அடுத்த அறையில் குரலைத் தாழ்த்தினால் நம்மைப் பற்றித்தான் என்று தோன்றும். எனக்கு அந்த நினைப்பு வீட்டுக்கு வந்த பிறகு அதிகமாகிவிட்டது.

எங்கள் வீடு வெண்ணந்தூர்ப் பக்கம். சுவருக்கு அந்தப்புறம் தறிக்கூடம். என் மனைவி பூங்கொடி அங்கே விசைத்தறி ஓட்டுகிறாள். கட்டிலில் படுத்தபடி தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். சத்தம் நின்றால், இப்போது எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று காது நீளும்.

வாரத்தில் சில நாள் ராசிபுரத்தில் பிசியோதெரபி (பயிற்சியின் மூலம் தசைகளின் அசைவை மீட்கும் சிகிச்சை). அதைத் தந்த ஷாகிரா மேடம் சேலத்துக்காரர். பருப்பை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போடச் சொல்வார். நான் சலித்துக்கொள்வேன். "தோளை இறக்குங்க, தோளை இறக்குங்க" என்று ஓயாமல் சொல்வார். கண்டக்டர் உள்ளே போங்க என்று சொல்கிற மாதிரி, அது அவர் வாய்ப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் ஹரிணி கல்லூரியில் படிக்கிறாள். நான் சலித்துக்கொள்வதைப் பார்த்து, தன் லேப்டாப்பில் ஒரு வீடியோ கேமைப் போட்டுக் கொடுத்தாள். "அப்பா, எங்க கிளாஸ்ல இத ஆடி அழாத ஆளே இல்ல. மவுச மணிக்கட்டால அசைக்கோணும். கைக்கு நல்லதுதானுங்க?"

மேடமும் சரி என்றார்.

ஒரு மலை. அடிவாரத்தில் ஒரு மனிதன். இடுப்புக்குக் கீழே ஒரு மூட்டைக்குள் கட்டியிருக்கும், கால் கிடையாது. கையில் நீளமான தொரட்டி, நுனியில் கொக்கி. மவுஸை அசைத்தால் தொரட்டி சுழலும். பாறை விளிம்பில் கொக்கியை மாட்டி, உடம்பை இழுத்து மேலே போட வேண்டும். நிஜத்தில் போலவே கனம் உண்டு, ஊசலாட்டம் உண்டு, வழுக்கல் உண்டு. கொஞ்சம் அதிகமாக இழுத்தால் ஆளே பின்னால் பறப்பான். மவுஸைத் தொடாவிட்டால் மாட்டிய இடத்திலேயே தொங்குவான், ஆனால் ஏறிய உயரத்தைச் சேமித்துவைக்க வழி கிடையாது. தவறினால் எத்தனை உயரத்திலிருந்தும் அடிவாரத்துக்கே வந்து விழுவான்.

வாழ்நாளெல்லாம் கீழே இறக்கியவனுக்கு மேலே ஏற்றுகிற வேலை. பிடித்துப்போயிற்று.

முதல் வாரத்திலேயே முதல் பாறையைத் தாண்டிவிட்டான். பிறகு காய்ந்த மரம், குழாய் வரிசை, தகரக் கூரை. ஹரிணி வாயைப் பிளந்தாள். "அப்பா, என்ற ஃபிரெண்டு ஒருத்தன் அந்தக் குழாய்லயே ஒரு மாசமா தொங்கீட்டு இருக்கறான்!"

நானும் சிரித்தேன். அன்று மாலை சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தேன். முடியவில்லை. காப்பி டம்ளரைத் தூக்கினேன். விரல் வளையவில்லை, மடியில் கொட்டியது.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பொத்தான் போடாத கை எப்படி மலை ஏறுகிறது?

யாரோ லீவரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஹரிணி ஆட்டத்தை எளிதாக்கி வைத்திருக்க வேண்டும். இல்லை, நான் மதியம் தூங்கும்போது பூங்கொடி வந்து கொஞ்சம் ஏற்றி வைக்கிறாள். ஒருநாள் இரண்டு பேரும் லேப்டாப்பின் முன் நின்று குசுகுசுவென்று பேசியதை நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன பேச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. கரண்டு பில்லு" என்றாள் பூங்கொடி.

கரண்ட் பில்லைப் பற்றிப் பேச எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

அடுத்த நாள் என் பழைய போனை வீடியோவில் போட்டு, மேசைக்கு எதிரே சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். வழக்கம்போல் ஆடினேன். பிறகு போனை அப்படியே ஓடவிட்டுப் போய்ப் படுத்தேன். தூங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தறி நின்றது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு தறி மறுபடியும் ஓடியது. அகப்பட்டாள் என்று எழுந்து வந்தேன்.

வீடியோவில் என் ஆட்டத்தைத் தள்ளிவிட்டு நேரே திருடியைத் தேடினேன். பூங்கொடி வருகிறாள். நாற்காலியில் சரிந்திருந்த தலையணையை நேராக்குகிறாள். திரையில் தொங்கும் மனிதனையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். முந்தானையால் திரையைத் துடைக்கிறாள். போய்விடுகிறாள். மவுஸைத் தொடவே இல்லை.

அப்போதும் நம்பவில்லை. எதையோ தவறவிட்டேன் என்று வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன். அதில் திருடனைப் பார்த்தேன்.

நாற்காலியில் ஒரு மனிதன். வலது தோள் காதுவரை ஏறியிருக்கிறது. இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் ஆடுகிறான், கெட்டியான லீவரை உடம்பைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி. கை மட்டும் மவுஸின் மேல் மரக்கட்டையாகக் கிடக்கிறது. தோள் இழுத்த பக்கமெல்லாம் அதுவும் போகிறது. மணிக்கட்டு ஒரு முறைகூட மடங்கவில்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

தறிக்கூடத்துக்குப் போய்ப் பூங்கொடியிடம் போனைக் காட்டினேன்.

"இதப் பாத்திருக்கறயா?"

தறியை நிறுத்தினாள். "பாத்திருக்கறனுங்க."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தேதான். மேடம் தோள எறக்கச் சொல்றாங்க, இவரு ஏத்தறாரேன்னு நெனச்சேன். சொல்லிப்போடலாம்மான்னு ஹரிணியும் ஒரே புடியா நின்னா. நாந்தான் கம்முனு இரு சாமின்னேன்."

"ஏன் சொல்லல?"

"ஏனுங்க, ஆசுபத்திரில இருந்து வந்து அந்த ஆட்டத்துலதான் நீங்க சிரிச்சீங்க. அந்தரத்துல தொங்கற ஆளக் கூப்புட்டு, உங்க புடி சரியில்லீங்கன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. நல்ல நேரம் என்று டாக்டர் சொன்ன மாதங்களில் எத்தனை நாள் போயிற்று என்று மனம் கணக்குப் பார்த்தது. ஆனால் சின்னுசாமி லீவரை வாங்கிக்கொண்டபோது நான் அவனைக் கோபித்தேனா?

மறுநாள் ஷாகிரா மேடம் வீடியோவைப் பார்த்தார். "இதுக்குப் பேரு ஈடுகட்டும் அசைவு சார்" என்றார் (பலவீனமான பகுதியின் வேலையைப் பக்கத்துப் பகுதி எடுத்துச் செய்வது). "உங்க தோள் ரொம்ப நல்ல தோள். அதுதான் சிக்கல். இத்தன வருஷம் லீவர் தள்ளினதுல்ல? கைக்கு வேலையே மிச்சம் வைக்கல. வேலை இல்லாத கைய மூளை ஏன் தேடப்போகுது?"

"அப்ப ஆட்டத்த விட்டரட்டுங்களா?"

"ஏன் விடணும்? தோளைக் கட்டிட்டு ஆடுங்க."

வீட்டில் ஹரிணி என் நெஞ்சையும் தோளையும் ஒரு துண்டால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினாள். "திருடனப் புடிச்சுக் கட்டுன மாதிரியே இருக்குதுங்கப்பா" என்றாள். திரையில் நம் ஆள் தகரக் கூரைக்கும் மேலே, உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். மவுஸை அசைக்கப் பார்த்தேன். தோள் துண்டை முட்டியது. கை ஒரு நடுக்கம் நடுங்கியது. கொக்கி விடுபட்டது.

கூரை, குழாய், மரம், எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு கீழே போனான். ஹரிணி கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற பூங்கொடி, "ஐயோ சாமி" என்றாள். முதல் பாறைக்குப் பக்கத்தில் மூட்டையோடு சாய்ந்து கிடந்தான். நான் எங்கே இருக்கிறேன் என்று நோய் வந்த பிறகு முதன்முறையாக எனக்குச் சரியாகத் தெரிந்தது.

பிறகு வாரக்கணக்கில் அவன் அங்கேயே கிடந்தான். தொரட்டி தரையைச் சுரண்டும், அவ்வளவுதான். பார்க்க வந்த சின்னுசாமி, "என்னங்கண்ணா, உங்காளு அங்கயே போர் போடறானா?" என்று சிரித்தான்.

இப்படி ஒரு நாள், துண்டு கட்டிய தோளோடு, அசையாத கையை மவுஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேசை தறிக்கூடத்துச் சுவரை ஒட்டியது. உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. எறும்பா என்று பார்த்தேன். எறும்பு இல்லை. மெல்லிய, சீரான அதிர்வு. சட்டென்று நின்றது. தறியும் நின்றிருந்தது.

நான் நம்பவில்லை. காது கேட்டதைக் கை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டாளிக்காகப் பொய் சொல்கிற உடம்பு இது என்று பார்த்தாகிவிட்டதே. ஹரிணியின் ஹெட்போனை மாட்டி, பாட்டைச் சத்தமாக வைத்தேன். கண்ணை மூடி, இடது கையை மடியில் போட்டுக்கொண்டேன். வலது கையை மட்டும் மரத்தின்மேல் விட்டுவைத்தேன்.

அதிர்வு வந்தது. ஓடியது. பிறகு நின்றது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். "இப்ப நிறுத்துனயா?"

"ஆமாங்க. நூலு அறுந்துபோச்சு" என்று அந்தப்புறத்திலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க?"

"கைக்குத் தெரிஞ்சுது" என்றேன், உள்ளங்கையை மேசையிலிருந்து எடுக்காமலே.

இப்போது பொத்தான் போடுகிறேன். ஒரு சட்டை போட்டு முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். லீவர் பிடிப்பேனா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் இறங்கிய ராடுகளால் பொழுதைக் கணக்கிட்டேன். இப்போது ஒரு விரல் மடங்குவதற்கும் நிமிர்வதற்கும் நடுவில் ஒரு காலை முழுவதும் கிடக்கிறது. ஏதாவது அசைந்தால், கதவு தட்டியவரை விசாரிப்பதுபோல், யாரது என்று கேட்கிறேன். தோள் பதில் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பூங்கொடி தறியை ஓட்டப் போகும்போது திரையை எட்டிப் பார்த்து, "உங்காளு ஏறிட்டானுங்களா?" என்று கேட்பாள்.

"கீழதான் இருக்கறான்" என்பேன். பிறகு உள்ளங்கையை மேசைமேல் வைத்து, அவள் தறியைப் போடுவதற்காகக் காத்திருப்பேன்.