மண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன்

சவரியப்பன் இறந்த செய்தியைக் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர்தான் பாகலூருக்குக் கொண்டுவந்தார். "ஆசானே, உங்க சிநேகிதரு நேத்து சாயங்காலம் தவறிட்டாருங்க" என்றார். "யாருய்யா சொன்னது உனக்கு?" என்று அவர்மீது எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்?

அவனும் நானும் சிலம்ப ஆசான்கள். ஒருவரையொருவர் மட்டம் தட்டாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. அவனோடு பழகிய உங்களுக்கு அது தெரியும். கெலமங்கலம் திருவிழாவில் முதல் கம்பு சுற்றும் மரியாதை மூத்த ஆசான் ஒருவருக்கு. அதற்குத் தகுதி யாருக்கு என்று தீர்த்துச் சொல்ல எங்கள் இருவரையும் உட்காரவைப்பார்கள்.

இளவட்டங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது சுலபம். கம்பு முனையில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்து மோதவிட்டால், உடம்பில் வெள்ளைப் பொட்டு அதிகம் விழுந்தவன் தோற்றான். வயதான ஆசானிடம் அது செல்லாது. எதிரே நிற்பவன் அவருடைய சீடன். குருவின் மேல் பொட்டு வைப்பானா? வேண்டுமென்றே வந்து அடி வாங்குவான். கூட்டம் கைதட்டும். கொடுமை என்னவென்றால், ஆசானும் அதை நம்பிவிடுவார்.

சவரியப்பன் களத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்வான். ஆட்டம் முடிந்ததும் குனிந்து ஈர மண்ணில் கால்தடத்தைப் பார்ப்பான். கால் தளர்ந்து இழுத்திருந்தால் அங்கே கோடு விழுந்திருக்கும். "கையி பொய் சொல்லும்டா மாதேசா, காலு சொல்லாது" என்பான். ஒருமுறை பெரும்பேர் எடுத்த ஓர் ஆசானிடம், "அண்ணா, கம்பு நல்லா சுத்துச்சு. நீங்க சுத்தல" என்று சொல்லிவிட்டான். சீடர்கள் அடிக்கவே வந்தார்கள். இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடிக்கறதுன்னா காலை நல்லா ஊனி அடிங்கப்பா" என்றான். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டான்: "நம்ம காலு இழுத்தா யாருடா சொல்றது?"

"நீ எனக்குச் சொல்லு, நான் உனக்குச் சொல்றேன்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான்.

போன வருஷம் அந்த விளையாட்டு வினையானது. முதல் கம்பு அவனுக்கென்று ஊர் விரும்பியது. திருவிழாவுக்கு முன் என் களத்துக்கு வந்து, எனக்கு மட்டும் ஆடிக் காட்டினான். வலது குதிகால் மண்ணில் கோடு இழுத்திருந்தது. அவன் மண்ணைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கம்புதான் அவனுக்கு உயிர் என்று எனக்குத் தெரியாதா? "இழுக்குதுடா" என்றேன். கம்பைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். "வேற எவனா இருந்தாலும் பொய் சொல்லியிருப்பான்" என்றான். பிறகு அவன் கம்பைத் தொடவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குமுன் அவன் சீடர்கள் என் கையில் கம்பைக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே வணக்கம் செய்து ஒரு சுற்று ஆடினேன். "அருமை ஆசானே" என்றார்கள். மண் போட்டுக் கூட்டம் கலைந்தபின் அவன் மனைவி தெரேசம்மா அருகில் வந்தார். கல்யாணமான நாள் முதல் அவன் ஆட்டத்தைப் பார்த்தே கண் பழகியவர். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்க எடது காலு இழுக்குது. 'நான் போயிட்டா மாதேசனுக்கு ஒருத்தனும் சொல்லமாட்டான், நீ பாத்துச் சொல்லு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்கே சொல்லும்படி ஆயிருச்சே."

அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இந்த வருஷம் முதல் கம்பு எனக்கென்று ஊரார் சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செத்தும் எனக்கு உண்மை சொன்னான் என் சவரியப்பன். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.